பி.ஜி. சீட்: இன்டர்வியூ எடுக்க வேண்டியது நீங்கள்தான்

அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்தவர் ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தால், ஹாஸ்பிட்டல்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைக் கூப்பிட்டு இன்டர்வியூ எடுக்கின்றன. அவர் ஒரு விருப்பப் பட்டியல் கொடுப்பார், ஹாஸ்பிட்டலும் ஒரு பட்டியல் கொடுக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து மார்ச் மாதத்தில் 'மேட்ச்' முடிவை அறிவிப்பார்கள். 1952 முதல் அங்கே நடைமுறை இதுதான். நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, 800 மார்க், ஒரு ரேங்க். அந்த ரேங்க்கில் உங்களுக்கு ஒரு டிபார்ட்மென்ட் கிடைத்துவிட்டால், அங்கே உள்ள ஹெச்.ஓ.டி. உங்களை வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை.

அதாவது, தேர்வு செய்யும் உரிமை முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக சி.ஆர்.ஆர்.ஐ. செய்யும் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறீர்கள்? போன வருஷ ரேங்க் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சீனியர்கள் எதை முதலில் எடுத்தார்களோ அதே வரிசையில் சாய்ஸ் ஃபில்லிங் செய்கிறீர்கள். முப்பது வருஷத் தொழில் இரண்டு நாளில் முடிவாகிவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஒரே ஷிஃப்ட்டில் நடந்த தேர்வுக்கு 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள். எல்லோரிடமும் அதே ஆப், அதே நோட்ஸ், அதே டெஸ்ட் சீரிஸ். மார்க்கில் அடுத்தவரைத் தாண்டுவது கஷ்டம். சீட்டைப் பற்றிய தகவலில் தாண்டுவது சுலபம், ஏனென்றால் அந்த வேலையைச் செய்பவர்கள் குறைவு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

மதுரையில் பசுமலை, திருநகர், பழங்காநத்தம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. பஸ் ஏறிப் போய் வரும் தூரத்திலேயே இந்தியாவில் உள்ள பயிற்சி முறைகளில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம். தென் மாவட்டங்கள் முழுவதிலுமிருந்து நோயாளிகள் வந்து சேரும் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் பி.ஜி.கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அண்ணா நகரில் ஒரே துறைக்கென்று அரவிந்த் கண் மருத்துவமனை. ரிங் ரோட்டில் தனியார் கல்லூரியான வேலம்மாள். மேலூர் ரோட்டில் டி.என்.பி. பயிற்சி தரும் மீனாட்சி மிஷன். எதிர்ப்பக்கம் போனால் ஆஸ்டின்பட்டியில் நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை, அதை ஒட்டி தோப்பூரில் எய்ம்ஸ். சென்னை, டெல்லி சீட்டுகளை ஒப்பிட உங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது சொந்த ஊரிலேயே இருக்கிறது.

1. பிராஞ்சை முதலில் முடிவு செய்யுங்கள், காலேஜ் பிறகு.

ஒரு பிராஞ்சின் பரபரப்பான நாளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதன் சாதாரண நாளைப் பாருங்கள். அந்தத் துறையில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஜெனரல் மெடிசின் என்றால் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்று ஓ.பி.யில் எண்பதாவது நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பார். ரேடியாலஜி என்றால் இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தடுத்து ரிப்போர்ட் சொல்லிக்கொண்டிருப்பார். நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போவது அடுத்த அறை டாக்டரிடம். அனஸ்தீசியா என்றால் அந்த ஒரு காலைக்குள் கே.கே. நகரில் ஒரு நர்சிங் ஹோம், அண்ணா நகரில் இன்னொன்று என்று ஓடிக்கொண்டிருப்பார். மகப்பேறு என்றால் இரவு இரண்டு மணிக்குப் பார்த்த பிரசவத்தின் தூக்கக் கலக்கத்தோடு ஓ.பி. பார்ப்பார். இதில் எது உங்களுக்கு அலுக்காது? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற ஒரு வருஷம் இதற்காகவே வாய்த்தது. பலர் அந்த வருஷத்தை லைப்ரரியில் செலவழித்து, போஸ்டிங்கில் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். மார்க் கூடலாம், பிராஞ்ச் தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் மூன்று நாளாவது முழு டியூட்டி பாருங்கள்; அதில் ஒரு நாள் நைட் டியூட்டியாக இருக்கட்டும்.

2. பணக் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்.

சேவை மனப்பான்மை இருக்கட்டும், வீட்டு லோனும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.டி. மூன்று, அதற்கு மேல் டி.எம். மூன்று: மொத்தம் பதினொன்றரை வருஷம். இதில் தேர்வுக்குப் படிக்க எடுத்த இடைவெளியும் கட்டாய அரசுப் பணிக்கான பாண்ட் காலமும் சேரவில்லை. இன்று ஜெனரல் மெடிசின் எடுப்பவர்களில் நிறையப் பேர் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ என்று அடுத்த படியை மனதில் வைத்தே எடுக்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் ஒரு சீட் எடுக்கவில்லை, இன்னொரு நுழைவுத் தேர்வையும் சேர்த்து எடுக்கிறீர்கள். அதற்குத் தயாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராஞ்சுக்கு பிராஞ்ச் முதலீடு வேறு. டெர்மட்டாலஜியில் சின்ன அறை, ஒரு போர்டு போதும், சொந்த கிளினிக் தொடங்கிவிடலாம். ரேடியாலஜியில் மெஷினின் விலை பெரிது. 1994-ஆம் ஆண்டின் கரு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி பதிவு, படிவங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதனால் பலர் ஸ்கேன் சென்டர் ஓனரிடம் சம்பளத்துக்குப் போகிறார்கள், அல்லது டெலி-ரேடியாலஜி பார்க்கிறார்கள். கண் மருத்துவத்திலும் தனியாகத் தொடங்கக் கருவிகளுக்குக் கணிசமான தொகை வேண்டும். டீம்டு யுனிவர்சிட்டி சீட் என்றால் மூன்று வருஷக் கட்டணம், கல்விக் கடன் வட்டி, மாதத் தவணை எல்லாவற்றையும் எழுதி, அந்த பிராஞ்சில் முதல் ஐந்து வருஷம் மதுரையில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். மதுரையில் அதே வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் கேட்டாலே சம்பளம் தெரிந்துவிடும். கணக்கு ஒத்து வரவில்லையென்றால் அந்த சீட்டை விடுங்கள். அப்பா நிலத்தை விற்று வாங்கித் தரும் டெர்மா சீட்டைவிட, ஸ்டைபெண்டோடு அரசுக் கல்லூரியில் செய்யும் அனஸ்தீசியா எத்தனையோ மேல்.

3. வீட்டார் சொல்வதைக் கேளுங்கள், முடிவை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

'நம்ம நர்சிங் ஹோம் இருக்கு, ஓ.ஜி. எடுத்துட்டு வந்து உட்காரும்மா' என்பது நல்ல ஆஃபர்தான். கட்டடமும் பெயரும் தயாராக இருப்பது பெரிய பலம். ஆனால் பிரசவ அறையைப் பிடிக்காத ஒருவர் அந்த நாற்காலியில் நீண்ட நாள் உட்கார முடியாது. 'பொண்ணுங்களுக்கு சர்ஜரி வேண்டாம், ஆர்த்தோ வேண்டாம்' என்று சொல்பவர்கள் உறவினர்களில் மட்டுமல்ல, டிபார்ட்மென்ட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் காலேஜில் கடந்த சில பேட்ச்களில் பெண் பி.ஜி.கள் யாராவது ஆர்த்தோ முடித்தார்களா, அவர்களுக்கு டேபிள் கிடைத்ததா என்று விசாரியுங்கள். அந்தப் பதில் போதும். மாமாவின் கருத்து இதில் வேண்டியதில்லை.

4. காலேஜின் பெயரைவிட, உங்கள் கைக்கு என்ன கிடைக்கும் என்பது முக்கியம்.

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சர்ஜரி எடுத்தவர் மூன்று வருஷம் ரிட்ராக்டர் பிடித்துவிட்டு வெளியே வந்தால், சர்டிபிகேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்கு வரும் அப்பென்டிக்ஸ் முன்னால் கை நடுங்கும். பெரிய பெயருள்ள இடங்களில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி டிபார்ட்மென்ட்கள் நிறைய இருக்கும். சிக்கலான கேஸ் எல்லாம் டி.எம்., எம்.சி.ஹெச். பி.ஜி.களுக்குப் போய்விடும், எம்.எஸ். பி.ஜி.க்கு மிஞ்சுவது குறைவு. அதற்கு நேர்மாறாக, கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனையில் கேஸ் குவியும், சொல்லித்தர நேரம் இருக்காது. தவறான முறையையே வேகமாகச் செய்யப் பழகிவிடும் ஆபத்து அங்கே உண்டு. தனியார் ஹாஸ்பிட்டலின் டி.என்.பி.யில் கன்சல்டன்ட் பக்கத்தில் உட்கார்ந்து நுணுக்கமாகச் சொல்லித்தருவார். ஆனால் பணம் கட்டி வந்த நோயாளி, 'பெரிய டாக்டர்தான் ஆபரேஷன் செய்யணும்' என்பார். டி.என்.பி. என்பது எம்.டி., எம்.எஸ்.ஸுக்குச் சமமான தகுதிதான், அதில் சந்தேகம் வேண்டாம். எந்த டிபார்ட்மென்ட் என்பதுதான் கேள்வி.

எனவே போய்ப் பாருங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் போகாதீர்கள், ஓ.பி. முடிந்து, மதியம் இரண்டரை மணிக்கு மேல் போங்கள். ஹெச்.ஓ.டி.யைப் பார்த்து வணக்கம் வைப்பது மரியாதை, ஆனால் தகவல் அங்கே கிடைக்காது. மூன்றாம் வருஷ பி.ஜி. ஒருவரை கேன்டீனுக்குக் கூட்டிப் போங்கள். 'அண்ணா, அக்கா' என்று ஆரம்பித்து, டீயை நீங்கள் வாங்கிக் கொடுத்து, இவற்றைக் கேளுங்கள்:

போன மாதம் நீங்கள் முதல் கையாக நின்று செய்த கேஸ் எத்தனை? லாக் புக்கில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா? சீஃப் டேபிளில் பக்கத்தில் நிற்பாரா, போனில்தான் கிடைப்பாரா? நைட் டியூட்டி முடிந்த மறுநாள் மதியமாவது தூங்க விடுவார்களா? தீசிஸ் டாபிக் எப்படிக் கொடுக்கிறார்கள்? கடந்த மூன்று வருஷத்தில் பாதியில் விட்டுப் போனவர் யார், ஏன்? ஃபைனல் பரீட்சையில் ஃபெயில் எத்தனை பேர்? போன பேட்ச் இப்போது எங்கே வேலை பார்க்கிறது?

விட்டுப் போனவரின் போன் நம்பர் கிடைத்தால் அவரிடமும் பேசுங்கள். அவர் சொல்வதில் கோபம் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ பி.ஜி. தன் யூனிட்டைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் களைப்பில் பேசுவார்.

கேஸ் எண்ணிக்கை எப்படிப் பயிற்சியாக மாறும் என்பதற்கு மதுரையிலேயே பாடம் இருக்கிறது. அரவிந்த் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவையை எண்ணிக்கையிலும் ஒழுங்கிலும் பெரிதாக்கிய இடம் அது. ஒரே அறுவையைத் திரும்பத் திரும்ப, மேற்பார்வையோடு செய்தால் கை பழகுகிறது. அதனால்தான் கண் மருத்துவம் படிக்க விரும்புபவர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து மதுரைக்கு வருகிறார்கள். எண்ணிக்கையும் மேற்பார்வையும் ஒரே இடத்தில் கிடைக்கிறதா என்பதை உங்கள் பிராஞ்சிலும் தேடுங்கள்.

5. டியூட்டி ரூமைப் பாருங்கள்.

ஹாஸ்டலைப் பார்ப்பவர்கள் கூட இதைப் பார்ப்பதில்லை. 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் டியூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் கொல்லப்பட்டார். அதே வருஷம் நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். டியூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனி அறை உண்டா, வார்டிலிருந்து அது எவ்வளவு தூரம், இரவில் செக்யூரிட்டி எங்கே நிற்கிறார்? கண்ணால் பாருங்கள். மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கை, பி.ஜி.களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது. நீங்கள் போகும் யூனிட்டில் உண்மையில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். கடுமையான உழைப்புக்குப் பயப்படாதீர்கள். அவமானப்படுத்துவதையே பயிற்சி என்று நினைக்கும் யூனிட் வேறு. அதை மட்டும் தவிருங்கள்.

6. வழிகள் எத்தனை என்று முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரி சீட்டுகளில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, அந்தக் கவுன்சலிங் மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் கமிட்டி (எம்.சி.சி.) நடத்துவது. மீதிப் பாதிக்கு சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக்குழு. டீம்டு யுனிவர்சிட்டி, டி.என்.பி. இரண்டும் எம்.சி.சி. வழியாகவே. எய்ம்ஸ், ஜிப்மர், பி.ஜி.ஐ., நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. செட் என்று தனித் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் பேட்ச்சின் 50 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரத்தில்தான் வகுப்பைத் தொடங்கினார்கள். புதிய எய்ம்ஸ் எதிலாவது பி.ஜி. சீட் வந்தால், பெயருக்காகப் பாயாமல் மேலே சொன்ன கேள்விகளை இரட்டிப்பாகக் கேளுங்கள். கருவி புதிதாக இருக்கும். பேராசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் இன்னொரு பாதையும் உண்டு: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் அரசு வேலையில் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிவிட்டு, அரசு டாக்டர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் பி.ஜி. போவது. 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. படிக்கும்போது சம்பளம் வரும். ரேங்க் போட்டி அரசு டாக்டர்களுக்குள் மட்டும்தான். இதற்குக் கொடுக்கும் விலை, நேரம். வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இது மிகச் சரியான வழி, 'கிராமத்தில் போய் மாட்டிக்கொள்வதா' என்று ஒதுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம், பி.ஜி. மருத்துவப் படிப்பில் மாநில வசிப்பிடத்தை வைத்து இட ஒதுக்கீடு செய்வது செல்லாது என்றது. 'சொந்த மாநிலக்காரர்' என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். அந்தந்த வருஷத்தின் ப்ராஸ்பெக்டஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். பாண்ட் எத்தனை வருஷம், உடைத்தால் எவ்வளவு, ஒரிஜினல் சர்டிபிகேட் யாரிடம் இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

7. எதிர்பார்த்த ரேங்க் வரவில்லையென்றால்.

உடனே 'ஒரு வருஷம் டிராப்' என்று முடிவு செய்ய வேண்டாம். எல்லோரும் ஆசைப்படும் முதல் ஐந்து பிராஞ்சுக்கு வெளியேயும் நல்ல தொழில் இருக்கிறது. எமர்ஜென்சி மெடிசினை இந்திய மருத்துவக் கவுன்சில் தனித் துறையாக ஏற்றது 2009-ல்தான். இன்று பெரிய ஹாஸ்பிட்டல் எதுவும் அது இல்லாமல் இயங்குவதில்லை. முதியோர் மருத்துவத்தில் எம்.டி.யை நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, 1996-ல். முதியவர்கள் கூடிக்கொண்டே போகும் மாநிலத்தில் அந்தத் துறையில் போட்டி இன்னும் குறைவு. நெஞ்சக நோய்க்கு ஆஸ்டின்பட்டியில் ஒரு வாரம் போய் நின்று பாருங்கள், காசநோய், சி.ஓ.பி.டி., ஐ.சி.யூ. என்று அந்தத் துறையின் அகலம் புரியும். கம்யூனிட்டி மெடிசினுக்கு இந்த மாநிலத்தில் வேறு எங்கும் இல்லாத மதிப்பு இருக்கிறது: நூறு வயதைத் தாண்டிய பொதுச் சுகாதார இயக்ககமும், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் உள்ள மாநிலம் இது.

அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி போன்றவற்றில் சீட்டுகள் காலியாகவே கிடக்கின்றன. 2023-ல் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ஜியம் பெர்சன்டைல் வரை இறக்கியது அதனால்தான். பாடம் நடத்துவது பிடித்தால் எடுங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றும் மதுரைக்குப் பக்கம். ஆசிரியர்கள் அங்கெல்லாம் வேண்டும். நோயாளியைத் தொடாமல் இருக்க முடியாது என்றால் எடுக்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி எடுக்க நினைத்தது மகப்பேறு மருத்துவம். முடக்குவாதம் அவர் விரல்களை வளைத்துவிட்டது. பிரசவம் பார்க்க முடியாது என்ற நிலையில் கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்கு ஏற்ற கருவிகளோடு பயிற்சி எடுத்து, 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைக்குத் தலைவராக வந்தார். ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், அரவிந்தைத் தொடங்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தன் கையால் செய்தவர். இரண்டாவது சாய்ஸைத் தயங்கித் தயங்கி எடுப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்தப் பெயரைத்தான்.

8. சாய்ஸ் ஃபில்லிங்: பயத்தில் வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக உள்ள முதல் சீட்டைக் கொடுக்கும். அவ்வளவுதான். கிடைக்காது என்று தெரிந்த சீட்டை மேலே போட்டால் கீழே உள்ளது பறிபோகாது. ஆகவே நிஜமான ஆசை வரிசையில் போடுங்கள். சேரவே மாட்டேன் என்ற சீட்டை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அப்கிரேடேஷன் கேட்டு அடுத்த சுற்றில் புது சீட் வந்துவிட்டால் பழையது தானாக ரத்தாகும். திரும்பி வர வழியில்லை. எம்.சி.சி. கவுன்சலிங்கில் முதல் சுற்று சீட்டை நஷ்டமில்லாமல் விடலாம். இரண்டாம் சுற்றிலிருந்து டெபாசிட் போகும். டீம்டு சீட்டுக்கு அது இரண்டு லட்சம் ரூபாய். கடைசிச் சுற்றுகளில் சேராமல் விட்டால் தடை வரைக்கும் போகலாம்.

9. சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்.

முதல் அபிப்ராயம் மூன்று வருஷம் கூடவே வரும். ரவுண்ட்ஸுக்கு முன் எல்லா கேஸ் ஷீட்டும் எழுதி முடித்திருப்பவர், லேப் ரிப்போர்ட்டை மனப்பாடமாகச் சொல்பவர், ஸ்டாஃப் நர்ஸிடம் மரியாதையாகப் பேசுபவர்: இவருக்குத்தான் சீஃப் முதலில் கத்தியைக் கொடுப்பார். டேபிளில் இடம் ஒன்றுதான், கூடப் படிப்பவர்களும் அதற்குத்தான் நிற்கிறார்கள். அதே சமயம், இரவில் உங்கள் டியூட்டியை மாற்றிக்கொள்ள உதவுபவரும் அந்தக் கூடப் படிப்பவர்தான். மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி போஸ்டிங்கை விடுமுறை என்று நினைக்காதீர்கள். சின்ன மருத்துவமனையில் பி.ஜி. ஒருவரே எல்லாம் என்பதால் கை அங்கேதான் வேகமாகப் பழகும்.

கவுன்சலிங் தேதி வந்த பிறகு மேலே சொன்ன எதையும் செய்ய நேரம் இருக்காது. இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. செய்துகொண்டிருந்தால், இந்த வாரமே ஒரு மதியம் ஒதுக்குங்கள். உங்கள் மனதில் உள்ள பிராஞ்சின் மூன்றாம் வருஷ பி.ஜி. ஒருவரைத் தேடிப் பிடித்து, போன மாதம் எத்தனை கேஸ் செய்தீர்கள் என்று கேளுங்கள்.